தெளிக்காத தொட்டி

மாடித்தோட்டம் வைத்திருக்கும் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அவரைக் கொடியில் அசுவினி அப்பியது, இஞ்சி பூண்டு பச்சைமிளகாய் அரைத்துக் கரைத்துத் தெளித்தேன், ஐந்தாம் நாள் ஒன்றுகூட இல்லை என்பார். பக்கத்து வீட்டுக்காரர் புளித்த மோர் என்பார். எதிர்வீட்டில் வசம்பு. அதற்கடுத்த வீட்டில் அடுப்புச் சாம்பல், தெருமுனை வீட்டில் பெருங்காயம். எல்லோருக்கும் பலித்திருக்கிறது. எந்த மருந்தும் யாருக்கும் தோற்காத துறை உலகத்தில் இன்னும் ஒன்றுதான் உண்டு. அங்கே விபூதி கொடுக்கிறார்கள்.

இவர்கள் எல்லோரிடமும் கேட்பதற்கு எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. தெளிக்காத செடி என்ன ஆயிற்று?

பதில் வராது. தெளிக்காத செடி என்று ஒன்று இருந்திருக்காது. பத்துத் தொட்டி இருந்தால் பத்துக்கும் தெளித்திருப்பார்கள். மிஞ்சிய கரைசலைக் கீழ்வீட்டுச் செம்பருத்திக்கும் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். அப்புறம் எப்படித் தெரியும், அசுவினி கரைசலால் போனதா, தானாகப் போனதா என்று?

தானாகப் போகுமா என்று கேட்பவர்கள் அசுவினியின் பிழைப்பைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் பெண் அசுவினி ஆண் துணையே இல்லாமல் குட்டி போடும். ஒரு வாரம் பத்து நாளில் அந்தக் குட்டியும் ஈனத் தொடங்கும். அதனால்தான் நேற்று இல்லாத கூட்டம் இன்று தளிர் முழுக்க அப்பிக்கிடக்கிறது. அதே வேகத்தில் சரியவும் செய்யும். நெருக்கடி கூடினால் இறக்கை முளைத்தவை பிறந்து வேறு செடிக்குப் பறக்கும். பொறிவண்டு வந்து சேரும். ஒட்டுண்ணிக் குளவி ஒவ்வொன்றின் உடம்பிலும் ஒரு முட்டையைச் செருகிவிட்டுப் போகும். ஒரு நல்ல மழை பெய்தால் பாதி அடித்துக்கொண்டு போய்விடும். நாம் எப்போது கரைசலைக் கையில் எடுக்கிறோம்? கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்கு அடுத்தது இறக்கம்தான். இறங்குகிற நேரத்தில் எதைத் தெளித்தாலும் அதற்குப் பெயர் கிடைக்கும். காய்ச்சல் மூன்றாம் நாள் இறங்கும் என்பது தெரிந்தவர் இரண்டாம் நாள் மந்திரித்துக் கயிறு கட்டுவதும் இந்தக் கணக்கில்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்தக் கரைசல்களில் பெரும்பாலானவற்றின் கடைசி வரி ஒன்றுபோலவே இருக்கும்: இலையில் ஒட்டுவதற்காகக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்துக்கொள்ளவும். அசுவினி, மாவுப்பூச்சியின் இளங்குஞ்சு, வெள்ளை ஈயின் குஞ்சு மாதிரியான மெல்லுடல் பூச்சிகளைச் சோப்புத் தண்ணீர் தனியாகவே கொல்லும். உடம்பின் மேலுள்ள மெழுகையும் செல்களின் சவ்வையும் அது குலைத்துவிடுகிறது. ஈரம் இருக்கும்வரைதான் அதற்கு வேலை, காய்ந்துவிட்டால் ஒன்றுமில்லை. ஆக, ஏழு மூலிகை சேர்த்து இரண்டு நாள் ஊறவைத்துத் தெளித்த கஷாயத்தில் உழைத்தது சோப்பாக இருக்கலாம், பெயர் வாங்கியது ஆடாதொடையாக இருக்கலாம். வெறும் தண்ணீரைக் குழாயில் வேகமாகப் பீய்ச்சினாலே அசுவினியில் பெரும்பகுதி கீழே விழும். விழுந்ததில் பல திரும்பி ஏறுவதில்லை.

எனவே மூன்று தொட்டி வேண்டும். ஒன்றுக்கு உங்கள் கரைசல், ஒன்றுக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும், ஒன்றுக்கு எதுவுமே இல்லை. ஒரே வயதுச் செடி, ஒரே வெயில். நுனியிலிருந்து மூன்றாவது இலையின் அடிப்பக்கத்தில் எத்தனை பூச்சி என்று ஒருநாள் விட்டு ஒருநாள் எண்ணிக் குறித்துவாருங்கள். எண்ணுவது நீங்களாக இருக்கக்கூடாது. எந்தத் தொட்டிக்கு எது போனது என்று தெரியாத ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை எண்ணட்டும். கரைசல் காய்ச்சியவரின் கண்ணுக்குப் பூச்சி எப்போதும் குறைவாகத்தான் தெரியும்.

பைசா செலவில்லாத சோதனை இது. ஆனாலும் யாரும் செய்வதில்லை. 'அந்த மூன்றாவது செடி செத்துப்போய்விட்டால்?' என்கிறார்கள். ஒரு தொட்டி அவரையைப் பணயம் வைத்து உண்மையைத் தெரிந்துகொள்ள மனசில்லை. அதே கரைசலை ஊருக்கெல்லாம் சிபாரிசு செய்ய மட்டும் தயக்கமே இல்லை. இதைத் தோட்டக்கலைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். இது நாணயம் சம்பந்தப்பட்ட விஷயம்.

சமையலறைக் கரைசல்களாவது அடக்கமானவை. அவற்றுக்கு மேலே அஸ்திரங்கள் இருக்கின்றன. அக்னி அஸ்திரம், பிரம்மாஸ்திரம் என்று பெயர். புராணத்தில் மூவுலகையும் நடுங்கவைத்த ஆயுதத்தை இங்கே எள்ளளவு பூச்சியின் மேல் ஏவுகிறார்கள். அக்னி அஸ்திரத்தில் என்ன இருக்கிறது? பசுவின் மூத்திரத்தில் வேப்பிலை, பச்சைமிளகாய், பூண்டு, புகையிலை போட்டுக் கொதிக்கவைத்த சாறு. பூச்சி செத்தால் பசுவுக்குப் புகழ். ஆனால் அந்தப் பானைக்குள் கிடப்பது புகையிலை. புகையிலையின் நிக்கோடின் பூச்சியின் நரம்பைத் தாக்கும் கொடிய நஞ்சு. மூத்திரத்தில் உள்ள யூரியா செடிக்குத் தழைச்சத்தாகப் போய்ச் சேரும். தழைச்சத்து மிகுந்தால் இலை கொழுகொழுவென்று மெதுவாகும், அசுவினிக்கு அதுதான் விருந்து. ஒரு கையால் அடித்துவிட்டு மறுகையால் இலை போட்டுப் பரிமாறுகிற கதை.

அதிலும் நாட்டுப் பசுவினுடையதாக இருக்க வேண்டுமாம். ஜெர்சி ஆகாது, எருமை ஆகவே ஆகாது. ஏன் என்று கேட்டால் நாட்டுப் பசுவின் திமிலைக் காட்டுகிறார்கள். எருமை மூத்திரத்தில் காய்ச்சிய கரைசல் ஒரு தொட்டிக்கு, வெறும் தண்ணீரில் காய்ச்சியது ஒரு தொட்டிக்கு என்று வைத்துப் பார்த்தீர்களா என்றால் அது கேட்கக்கூடாத கேள்வியாகிவிடுகிறது. மூத்திரத்திலும் குலம் பார்க்கிற ஊர் இது. இயற்கை வேளாண்மை என்ற நல்ல வண்டியில் யார் யார் ஏறிக்கொண்டு வருகிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பது தப்பில்லை.

'இயற்கைப் பொருள்தானே, கெடுதல் செய்யாது' என்பது இதைவிட ஆபத்தான நம்பிக்கை. நிக்கோடின் சல்பேட்டை வயலில் தெளிக்க இந்தியாவில் தடை இருக்கிறது. அது தொழிற்சாலையில் பிறந்ததல்ல, இலையில் பிறந்தது. வீட்டில் புகையிலைக் கஷாயத்தைக் காய்ச்சிப் பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் குழந்தைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ரோட்டினோன் என்று ஒன்று, சில பயறு வகைக் குடும்பத்துச் செடிகளின் வேரிலிருந்து எடுப்பது. தென் அமெரிக்கப் பழங்குடிகள் அதைக் கொண்டு மீன் பிடித்தார்கள். இயற்கை விவசாயிகள் பல காலம் கொண்டாடிய அந்தப் பூச்சிமருந்து பார்க்கின்சன் நோயோடு தொடர்புடையது என்று தெரிந்தபின் ஓரங்கட்டப்பட்டது. எட்டிக்கொட்டையும் அரளியும் செங்காந்தள் கிழங்கும் இயற்கைதான். செடிகள் தங்களைத் தின்ன வருகிறவர்களைக் கொல்வதற்காகவே நஞ்சு சமைக்கின்றன. அந்தச் சமையலில் நமக்கென்று தனிப் பந்தி கிடையாது.

இதுவரை படித்துவிட்டுப் பூச்சிமருந்துக் கடைக்காரர் சிரித்துக்கொண்டிருந்தால், அவர் கணக்கையும் பார்த்துவிடலாம். பூச்சி இருக்கிறதா இல்லையா என்று பாராமல், நட்ட பதினைந்தாம் நாள் ஒன்று, முப்பதாம் நாள் ஒன்று என்று நாள் குறித்து மருந்தடிப்பதற்கும் பஞ்சாங்கம் பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. இந்தோனேசியாவில் அரசு மானியம் கொடுத்தே இதைச் செய்தது. நெல்லில் புகையான் என்ற பூச்சி பெருகப் பெருக மருந்து, மருந்து கூடக் கூடப் புகையான். புகையானின் முட்டை இலையுறைக்குள் பொதிந்து பத்திரமாக இருக்கிறது. வெளியே திரிந்து புகையானைத் தின்னும் சிலந்திதான் முதலில் சாகிறது. பிலிப்பைன்ஸ் வயல்களில் பீட்டர் கென்மோர் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. எப்படிக் காட்டியது? மருந்தடித்த வயலை மருந்தடிக்காத வயலோடு ஒப்பிட்டு. அடித்த வயலில்தான் புகையான் அதிகம். 1986இல் இந்தோனேசியா நெல்லுக்கான 57 பூச்சிமருந்துகளை ஒரே ஆணையில் தடை செய்தது, 1989க்குள் மானியத்தையும் நிறுத்தியது. விளைச்சல் விழவில்லை. பல கோடி மதிப்புள்ள மருந்து வியாபாரத்தைத் தலைகுப்புறத் தள்ளியது மருந்தடிக்காமல் விட்ட ஒரு துண்டு நிலம்.

வேம்பைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாட்டி கோபித்துக்கொள்வார். பாட்டி சொன்னது சரி என்று நிரூபணமான இடம் அது. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை இறங்கிப் பச்சை என்று கண்டதையெல்லாம் மொட்டையடித்தபோது வேப்பமரங்களை மட்டும் விட்டுவிட்டதை ஹைன்ரிக் ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர் பார்த்தார். அந்த மரங்கள் நம் பக்கத்திலிருந்து அங்கே குடிபோனவை. 1968இல் வேப்பங்கொட்டையிலிருந்து அசாடிராக்டினைப் பிரித்தெடுத்தார்கள். அது பூச்சியைத் துடிக்கத் துடிக்கக் கொல்வதில்லை. தின்ன விடாது, தோலுரித்து வளரவிடாது. ஆகவே இன்று தெளித்துவிட்டு நாளைக்குப் பிணம் தேடுகிறவருக்கு வேம்பு ஏமாற்றம் தரும். வெயிலில் அது சீக்கிரம் சிதைந்துவிடும். உச்சிவெயிலில் தெளிப்பதும் தெளிக்காமல் இருப்பதும் ஏறக்குறைய ஒன்று. ஐம்பது கிராம் வேப்பம்பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, துளி சோப்புச் சேர்த்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். இவ்வளவு விவரமும் பக்தியால் வந்ததல்ல. தெளித்த செடியையும் தெளிக்காத செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் சொன்னது.

வேப்பெண்ணெயால் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கும் அமெரிக்க வேளாண் துறைக்கும் உரிமை கொடுத்தது. 2000இல் அது ரத்தானது, 2005இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. முன்னோர் வென்றார்கள் என்று மேடையில் கைதட்டினோம். அந்த அலுவலகத்தில் முன்னோர் பெருமை எடுபடவில்லை. இந்த முறை ஏற்கெனவே இங்கே புழக்கத்தில் இருந்தது என்பதற்கான சாட்சியம்தான் எடுபட்டது. பாட்டி சொன்னதை நல்ல கேள்வியாக எடுத்துக்கொள்கிறவர்களால்தான் பாட்டிக்குப் பெருமை சேர்ந்திருக்கிறது.

இனி, இந்த மண்ணில் நம் கண்ணெதிரே நடந்த கதைக்கு வருகிறேன். 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளியில் ஒரு புது மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. எப்படியோ கப்பலோ விமானமோ ஏறி வந்துவிட்டது, அதைத் தின்னும் எதிரிகள் மட்டும் கூட வரவில்லை. பப்பாளியிலிருந்து மரவள்ளிக்கும் மல்பெரிக்கும் செம்பருத்திக்கும் கத்தரிக்கும் பரவியது. ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்த்தவர்கள் தோட்டத்தையே பிடுங்கினார்கள். பட்டுப்புழு தின்கிற இலைக்கு மருந்தடித்தால் புழு சாகும், அடிக்காவிட்டால் இலையே இருக்காது. மற்ற பயிர்க்காரர்கள் டேங்க் டேங்க்காக அடித்துப் பார்த்தார்கள். உடம்பு முழுக்க மெழுகு பூசிக்கொண்ட பூச்சியின் மேல் மருந்து வழுக்கிக்கொண்டு ஓடியது. மீன் எண்ணெய் சோப்பு, வேப்பெண்ணெய் எல்லாம் கொஞ்சம் தாக்குப்பிடித்தன, அவ்வளவுதான்.

2010இல் பெங்களூரிலிருந்த வேளாண் பூச்சிகளுக்கான தேசிய நிறுவனம் புவேர்ட்டோ ரிகோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அசெரோஃபேகஸ் பப்பாயே என்பது அதில் முக்கியமானது. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும், பிறக்கிற புழு உள்ளிருந்தே தின்றுவிட்டு வெளியே வரும். கொண்டுவந்த உடனே திறந்துவிடவில்லை. பட்டுப்புழுவைத் தொடுமா, இங்குள்ள நல்ல பூச்சிகளைத் தொடுமா என்று தனிமைப்படுத்திச் சோதித்தார்கள். பிறகு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கி வயல்களில் விட்டது. விடும்போது விவசாயிகளுக்குச் சொன்ன நிபந்தனை ஒன்றுதான்: மருந்தடிப்பதை நிறுத்துங்கள். அடுத்த ஆண்டுக்குள் மாவுப்பூச்சி தேடிப் பார்க்கவேண்டிய பொருளாகிவிட்டது. இன்றும் அந்தக் குளவி சம்பளமில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதை எந்தக் கட்சியில் சேர்ப்பீர்கள்? நஞ்சு இல்லை, ஆகவே இயற்கை. ஆனால் சித்தர் பாடலிலும் இல்லை, பசுவின் வயிற்றிலும் இல்லை. கடல் கடந்து வந்தது, சோதனைக்கூடத்தில் தேறியது. 'இயற்கை' என்றும் 'ரசாயனம்' என்றும் கோடு கிழித்து இரண்டு பக்கமும் நின்று கத்துகிறவர்களுக்கு நடுவே அது பறந்து போய்விட்டது.

அந்தக் காலத்தில் ஒரு கூத்தும் நடந்துகொண்டிருந்தது, இன்னும் நடக்கிறது. கிரிப்டோலேமஸ் என்ற ஆஸ்திரேலியப் பொறிவண்டை 1898இலேயே காபித் தோட்டச் செதில்பூச்சிக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். மாவுப்பூச்சியை அதுபோலத் தின்னும் ஆள் இல்லை. ஆனால் அதன் புழு, உடம்பு முழுக்க வெள்ளை மெழுகு இழை தொங்க, பார்ப்பதற்கு அச்சாக மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். கொஞ்சம் பெரிது, கொஞ்சம் வேகமாக நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். 'அடடா, எவ்வளவு பெரிய மாவுப்பூச்சி' என்று அதைத்தான் முதலில் நசுக்குகிறார்கள். சாதாரணப் பொறிவண்டின் புழுவுக்கும் இதே கதி. குட்டி முதலை மாதிரி அவலட்சணமாக இருக்கிறதல்லவா, அடி. அழகான சிவப்பு வண்டாக மாறும்வரை அதற்கு மன்னிப்பில்லை. அசுவினிக் கூட்டத்துக்குள் பழுப்பேறி உப்பிக் கிடக்கிற ஒன்றிரண்டு, குளவி முட்டையிட்டுச் செத்த கூடுகள். அதற்குள்ளிருந்து அடுத்த குளவி வரப்போகிறது. அதையும் ஏதோ நோய் என்று கிள்ளி எறிகிறோம்.

தெளிக்காத தொட்டிக்கு இரண்டாவது வேலை இங்கேதான் இருக்கிறது. பூச்சி முழுக்க ஒழிந்த தோட்டத்தில் பொறிவண்டுக்குச் சாப்பாடு இல்லை, அது தங்காது. நாற்பது நாள் கழித்து அசுவினி திரும்பி வரும்போது தடுக்க ஆளிருக்காது. விவசாயிகள் வரப்போரம் தட்டைப்பயறு போடுவதற்குக் காரணம் இது. அதில் வரும் அசுவினி பொறிவண்டுகளுக்கு அன்னதானக் கூடம். மாடியிலும் ஓரமாக ஒரு தொட்டி தட்டைப்பயறு போட்டுக் கண்டுகொள்ளாமல் விடலாம். ஒரு எச்சரிக்கை: எறும்பைக் கவனியுங்கள். அசுவினியும் மாவுப்பூச்சியும் கழிக்கிற இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அவற்றை மேய்க்கிறது, கிட்டே வரும் பொறிவண்டையும் குளவியையும் விரட்டுகிறது. தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி எறும்பின் வழியை மறித்தாலே பாதிக் காரியம் முடியும். கொசு முட்டையிடாமல் அந்தத் தண்ணீரை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும், மறக்கக்கூடாது.

கறிவேப்பிலைச் செடியில் சில நாள் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டால் நகரும். வளர்ந்தபின் பச்சையாகக் கொழுத்து, சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கொம்பை நீட்டி நாற்றமடிக்கும். இது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. இரண்டு கொத்து இலையைத் தின்னும், பிறகு கூடு கட்டிப் பறந்துவிடும். கறிவேப்பிலையோ கிள்ளக் கிள்ளத் துளிர்க்கிற செடி, சட்டை செய்யாது. ஆனால் இதைக் கண்டதும் வீட்டில் எழுகிற கூச்சல் இருக்கிறதே! 2019இல் தமிழ் மறவன் என்ற வண்ணத்துப்பூச்சியை மாநிலத்துக்குரியதாக அறிவித்துப் பூரித்தோம். குழந்தைக்கு அதன் படம் ஒட்டிய நோட்டு வாங்கித் தருகிறோம். புழுவை மட்டும் செருப்பால் தேய்க்கிறோம். புழு இல்லாமல் வண்ணத்துப்பூச்சி எங்கிருந்து வரும் என்று ஐந்தாம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறது.

வேளாண்மையில் பொருளாதாரச் சேதநிலை என்று ஒன்று சொல்வார்கள். மருந்துச் செலவைவிடச் சேதம் அதிகமாகும் அளவுக்குப் பூச்சி பெருகினால்தான் கை வைக்க வேண்டும், அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடனில் பயிர் போட்ட விவசாயியிடம் இந்தப் பொறுமையை எதிர்பார்க்கிறோம். மாடியில் பத்துத் தொட்டி வைத்து, கீரை வரவில்லையென்றால் கடையில் கட்டு வாங்கிக்கொள்கிற நமக்கு மட்டும் ஒரே இலையில் ஒரே ஓட்டை விழுந்ததும் பொறுக்கவில்லை. நம்முடையது மானச் சேதநிலை போலிருக்கிறது. ஓட்டையில்லாத இலை, புள்ளியில்லாத காய், அந்நியர் யாரும் உள்ளே வராத தோட்டம். இந்த ஆசையை நமக்கு வேறு எங்கோ பழக்கிவிட்டிருக்கிறார்கள். தீட்டுப் பார்த்துப் பழகிய கண் புழுவிலும் தீட்டைத்தான் பார்க்கிறது.

நம்பிக்கை மட்டும் வைத்து ஒரு நாட்டையே நடத்தினால் என்ன ஆகும் என்பதை இலங்கையில் பார்த்தோம். 2021 ஏப்ரலில் ரசாயன உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் ஒரேயடியாக இறக்குமதித் தடை அறிவித்தார்கள். நஞ்சில்லாத உணவு, முன்னோர் வழி என்று பேச்சு. வன்னியிலும் மட்டக்களப்பிலும் நெல் விதைத்தவர்கள் கையில் உரமும் இல்லை, அதற்குப் பதிலாக எதைப் போடுவது என்று சொல்ல ஆளும் இல்லை. நவம்பரில் தடையைத் தளர்த்துவதற்குள் கெடவேண்டியது கெட்டிருந்தது. நெல் விளைச்சல் சரிந்தது, அரிசியை வெளியிலிருந்து வாங்கவேண்டி வந்தது. ஒரு மாவட்டத்தில், ஒரு போகத்தில் செய்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். முழு நாட்டையும் ஒரே தொட்டியாக்கி அதில் தெளித்துவிட்டார்கள்.

அதே இலங்கை இன்னொரு தடையும் போட்டது, அதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட கொடிய நச்சு வகைகளை 1995இலும், எண்டோசல்பானை 1998இலும் நிறுத்தினார்கள். எல்லாவற்றையும் அல்ல, எந்த மருந்தைக் குடித்தவர்கள் பிழைக்காமல் போகிறார்கள் என்று மருத்துவமனைக் கணக்கைப் பார்த்து, அதற்கு மாற்று இருக்கிறதா என்றும் பார்த்து, அவற்றை மட்டும். 1995இல் லட்சம் பேருக்கு 47 என்றிருந்த தற்கொலை விகிதம் 2005இல் 24 ஆனது. விளைச்சல் குறைந்ததாகத் தடயமில்லை. கொடி பிடித்து, முழக்கம் போட்டு, பூமித்தாயின் பெயரால் செய்த தடை வயிற்றில் அடித்தது. சத்தமில்லாமல் கணக்குப் பார்த்துச் செய்த தடை ஆயிரக்கணக்கான உயிரைக் காப்பாற்றியது.

கணக்கு என்று வந்துவிட்டதால் கடைசியாகக் கத்தரிக்காய்க்கு வரவேண்டும். நம் மாடித்தோட்டத்தின் பாவக்கணக்கு அங்கேதான் எழுதப்படுகிறது.

கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கும் புழு முட்டையிலிருந்து வந்த சில மணி நேரத்துக்குள் உள்ளே புகுந்துவிடும். புகுந்தபின் எந்த மருந்தும் அதைத் தொடாது. ஆகவே வெளியே இருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் பிடிக்கவேண்டும் என்று வாரந்தோறும் அடிக்கிறார்கள், பயந்தவர்கள் அதற்கு மேலும் அடிக்கிறார்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை காய் பறிக்கிற பயிரில் மருந்தடித்தபின் இத்தனை நாள் காத்திரு என்ற விதி எங்கே நிற்கும்? வழி இல்லாமல் இல்லை. வாடிய நுனித் தளிரைப் புழுவோடு சேர்த்து வெட்டி அழிப்பது, இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது, சொத்தைக் காயைப் பொறுக்கி அப்புறப்படுத்துவது என்று இருக்கிறது. இதெல்லாம் செய்தாலும் பத்தில் ஒன்றிரண்டு காயில் துளை விழும். அந்த ஒன்றிரண்டைச் சந்தை ஒத்துக்கொள்வதில்லை.

சந்தை என்பது யார்? பளபளவென்று, கறையில்லாமல், துளையில்லாமல் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பொறுக்குகிற நாம்தான். வயலில் திருஷ்டிப் பொம்மை கட்டித் தொங்கவிடுகிறார்கள், கண்ணேறு படக்கூடாதாம். எனக்குக் கண்ணேறில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒரு கண் மட்டும் நிஜமாகவே கத்தரித் தோட்டத்தின் மேல் விழுகிறது, வாங்குகிறவரின் கண். அந்தக் கண்ணுக்காகத்தான் லுங்கியை மடித்துக்கட்டி, மூக்கில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, முதுகில் டேங்க் சுமந்து ஒருவர் மருந்தடிக்கிறார். கூலிக்காரர் அவர், நிலம் அவருடையதல்ல. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் 20 பேருக்கு மேல் செத்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பருத்தியாவது நாம் தின்பதில்லை. நம் மாடியில் நஞ்சில்லாத நாலு கத்தரிக்காய் விளைத்துப் படமெடுத்துப் போட்டுவிட்டு, மிச்ச நாளுக்கு வேண்டியதைக் கடையில் அதே கண்ணோடு பொறுக்குகிறோம். நம் குழந்தையின் வயிறு சுத்தம், இன்னொருவர் நுரையீரல் எப்படியும் போகட்டும். இதற்கு இயற்கை வாழ்வு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. கத்தரிக்காயில் நீங்கள் பார்க்கிற பெரிய துளை பெரும்பாலும் புழு உள்ளே போன வழியல்ல, வெளியே வந்த வழி. போன துளை கடுகளவு, காய் வளரும்போது தூர்ந்துவிடும். தின்று முடித்து, மண்ணில் கூடு கட்ட இறங்கிப் போனபின்தான் அந்த ஓட்டை. ஆக, துளையுள்ள காயில் புழு காலி செய்துவிட்டுப் போயிருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பொறுக்கிய வழுவழுப்பான காய்க்குள் அது இன்னும் குடியிருக்கலாம்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது அரைக் கிலோவில் இரண்டு துளை விழுந்த காயையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். வீட்டில் கெட்ட பக்கத்தை வெட்டிவிட்டு மிச்சத்தைக் குழம்பில் போடலாம், ருசியில் ஒரு குறையும் இருக்காது. கடைக்காரர் அவற்றை மாட்டுக்கென்று தனியாக ஒதுக்கிவைத்திருப்பார், சும்மா எடுத்துக்கொண்டு போங்கள் என்பார். சும்மா வாங்காதீர்கள். நல்ல காய்க்கு என்ன விலையோ அதையே கொடுங்கள்.